குஞ்சு விட்டால் போதுமா?

ஆற்றங்கரையில் பந்தல் போடுகிறார்கள். நாற்காலிகள் வரிசையாக வைக்கப்படுகின்றன. பிரமுகர்கள் வருகிறார்கள், மாலை விழுகிறது, பேச்சு நடக்கிறது. பிறகு, பிராணவாயு அடைத்த பைகளில் வந்த மீன் குஞ்சுகள் கைதட்டலுக்கிடையே நீரில் விடப்படுகின்றன. மறுநாள் பத்திரிகையில் படம். படத்தின் கீழே, இத்தனை ஆயிரம் குஞ்சுகள் என்ற கணக்கு.

நல்ல காரியந்தான். நாம் அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறோம். விட்ட குஞ்சு மறுநாள் காலையில் எதைத் தின்னும்? அந்த உணவு அந்த நீரில் இருக்கிறதா என்று எவரேனும் எண்ணிப் பார்த்த பிறகுதான் பையை அவிழ்த்தார்களா? விட்ட கணக்கைப் படிக்கிறார்கள். பிழைத்த கணக்கை யார் படிப்பது?

தொழிற்சங்க ஏட்டில் மீனுக்கு என்ன வேலை என்று சில தோழர்கள் நினைக்கக்கூடும். சம்பளத்தைப் பற்றி எழுதுங்கள், வீட்டைப் பற்றி எழுதுங்கள் என்பார்கள். எழுதத்தான் செய்கிறோம். 2025-ஆம் ஆண்டு பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. அந்தப் பணத்தோடு சந்தைக்குப் போய் மீன் விலையைக் கேட்டுத் திரும்பிய குடும்பத் தலைவிக்கு, மீனும் சம்பளப் பிரச்சினைதான் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. நம் லயங்கள் பெரும்பாலும் ஓடைக்கும் ஆற்றுக்கும் பக்கத்திலேயே கட்டப்பட்டன. ஸ்டோருக்குத் தண்ணீர் வேண்டும் என்பதற்காகக் கட்டினார்கள்; நமக்காக அல்ல. ஆயினும் அந்த ஓடை நம் பிள்ளைகளுக்குக் கெளுத்தியும் விராலும் கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமைத் தூண்டில் பல வீடுகளில் திங்கட்கிழமைக் குழம்பாக இருந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. அளவையைப் பற்றிப் பேசுவதற்கு, பால் வெட்டுகிறவனைவிடத் தகுதியுள்ளவன் யார்? விடியுமுன் எழுந்து, நிரை நிரையாக நடந்து, மங்குகளில் விழுந்த பாலை வாளியில் சேர்த்து ஸ்டோருக்குக் கொண்டு வருகிறோம். அங்கே கிராணியார் பாலை நிறுக்கிறார். நிறுத்தால் மட்டும் போதாது. மெட்ரோலாக்கை மிதக்கவிட்டு, அதில் கித்தா எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்க்கிறார். எடை சரியாயிருந்தும் இந்தக் கணக்கில் கூலி குறைந்துபோன சண்டைகளை நாம் மறந்துவிட்டோமா? கண்ணால் பார்த்துவிட்டு, “இது தண்ணிப் பால்” என்று யாராவது சொன்னால் நாம் ஒப்புக்கொள்வதில்லை. கருவியைப் போடு, எங்கள் கண்முன்னே படி, நோட்டில் எழுது என்றுதான் கேட்டோம். கிராணிமார்களும் இதை அறிவார்கள். நேர்மையான கிராணிக்கும் அந்தக் கருவிதான் பாதுகாப்பு.

நீருக்கும் அதையேதான் கேட்கிறோம். அணைக்குப் பின்னால் தேங்கிய நீர் பார்ப்பதற்குக் கண்ணாடிபோல் இருக்கிறதே, அது நல்ல நீர் என்று சொல்வதும், பாலைக் கண்ணால் பார்த்துக் கூலி போடுவதும் ஒன்றுதான்.

தெளிந்த நீரெல்லாம் மீனுக்கு நல்ல நீர் அல்ல. நீரில் மிதந்து வாழும் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. விஞ்ஞானிகள் அவற்றைப் பிளாங்டன் என்கிறார்கள். அவற்றில் ஒரு சாரார் செடி வகை. வெயிலைக் குடித்து வளரும் நுண்பாசிகள் அவை. மறு சாரார் பிராணி வகை, பாசியைத் தின்பவை. முட்டையிலிருந்து வெளிவந்த மீன் குஞ்சு, வயிற்றோடு ஒட்டிக்கொண்டு வந்த கருவுணவு தீர்ந்ததும் வாயைத் திறக்கிறது. அந்த வாய் எவ்வளவு பெரிது? அதில் நுழையக்கூடியது, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ உள்ள சக்கரப் பிராணிகள்தாம். அவை அந்த நாளில், அந்த இடத்தில் இல்லாவிட்டால், ஆயிரம் குஞ்சும் பட்டினியில் மடியும். பெரிய மீன் அதைத் தின்றுவிட்டது, வலைக்காரன் பிடித்துவிட்டான் என்று பிறகு காரணம் சொல்லிக்கொள்ளலாம்.

பாசி மிகுந்தாலும் கேடுதான். உரச் சத்து அளவுக்கு மீறி நீரில் சேர்ந்தால், நீலப்பச்சைப் பாசி நீரின் மேலே பச்சைச் சாயம் ஊற்றினாற்போல் படர்கிறது. அதில் சில வகைகளுக்கு நஞ்சும் உண்டு. பகலில் பாசி பிராணவாயுவை வெளியிடும். இரவில் அதுவும் மற்ற உயிர்களைப் போலவே பிராணவாயுவை உட்கொள்ளும். ஆகவே நீரில் பிராணவாயு மிகக் குறைந்திருக்கும் நேரம் விடியுமுன் நேரம். நாம் பெரட்டுக்குப் போய் நிற்கும் அந்த நேரத்தில்தான் மீன் நீரின் மேலே வந்து வாயைப் பிளக்கிறது. காலை பத்து மணிக்கு வண்டியில் வந்து, வெயிலில் நின்று அளந்தால், கருவி நல்ல எண்ணையே காட்டும். கருவி பொய் சொல்லவில்லை. கேட்ட நேரம்தான் தவறு.

நம் நாட்டின் வெப்பமும் இதில் சேர்ந்துகொள்கிறது. 20 டிகிரி வெப்பமுள்ள நீர் லிட்டருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம் பிராணவாயுவைக் கொள்ளும். 30 டிகிரி வெப்பமுள்ள நீர் ஏழரை மில்லிகிராமுக்கு மேல் கொள்ளாது. இருப்பே குறைவாக உள்ள வீட்டில் சிறு செலவும் பெருஞ்செலவு.

பேராக் ஆற்றை எடுத்துக்கொள்வோம். கோலகங்சாரில் ஹியூ லோ 1877-இல் கித்தாக் கன்றுகளை நட்டார் என்பது நம் தொழிலின் பிறப்புக் கதை. அந்த ஊருக்கு மேலே, அதே ஆற்றின் குறுக்கே, 1930-இல் செண்டரோ அணை எழுந்தது. நாட்டின் பழைய நீர்மின் தேக்கம் அதுவே. கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்கு மின்சாரம் வேண்டும் என்று அதைக் கட்டினார்கள். (லயங்களில் மண்ணெண்ணெய் விளக்கு அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் எரிந்தது என்பதை இங்கே சொல்லாமல் விட மனமில்லை.) பிறகு 1970-களில் ஆற்றின் மேற்பகுதியில் தெமெங்கோர் அணையும், 1980-களில் இடையிலே பெர்சியா, கெனெரிங் அணைகளும் வந்தன. ஓடிக்கொண்டிருந்த ஓர் ஆறு, நான்கு படிகளாக வெட்டப்பட்டது.

இந்த ஆற்றில் தெமோலே என்றொரு மீன் உண்டு. ஒரு மீட்டருக்கு மேலும் வளரும் பெரிய மீன். சிப்பியையும் நத்தையையும் ஓட்டோடு நொறுக்கித் தின்னும் வலிய பல் உடையது. இந்நாட்டில் பேராக் ஆற்றிலும் பகாங் ஆற்றிலும்தான் அதைக் காணலாம். முட்டையிட ஆற்றில் மேலேறிச் செல்வது அதன் வழக்கம். அணை குறுக்கே நிற்கிறது. உலக நாடுகள் தங்களுக்குள் செய்துகொண்ட சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இந்த மீனின் பெயர் இருக்கிறது. அதாவது, காட்டு நீரில் பிடித்த தெமோலேயை வாணிபத்துக்காக நாடு விட்டு நாடு அனுப்பக்கூடாது. அவ்வளவு அருகிவிட்ட மீன். ஜெலுபு வட்டாரத்தில் கிளாமி லெமியில் மீன்வள இலாகாவின் நன்னீர் மீன் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. உள்நாட்டு மீன்களைக் குஞ்சு பொரிக்க வைக்கும் அரிய வேலை அத்தகைய இடங்களில் நடக்கிறது. அந்த உழைப்பை நாம் மதிக்கிறோம். மதிப்பதனால்தான் கேட்கிறோம்: இவ்வளவு பாடுபட்டு வளர்த்த குஞ்சைச் சோதிக்காத நீரில் விடலாமா?

அணைக்கு அணை நீரின் குணம் வேறு. செண்டரோ சிறிய தேக்கம். மேலேயுள்ள மூன்று அணைகள் திறந்துவிடும் நீர் அதன் வழியே ஓடிக்கொண்டே இருக்கிறது. ஓடும் நீரில் மிதவை உயிர்கள் பெருக அவகாசமில்லை. நடு ஆற்றில் பிறந்தவை அடித்துக்கொண்டு போகப்படும். கரையோரத்தில் புல்லும் பாசியும் மண்டிய ஆழமற்ற மூலைகளில்தான் அவை தங்கிப் பெருகும். மீனும் அங்கேதான் முட்டையிடும். நீர்மட்டம் திடீரென இறங்கினால் அந்த மூலைகள் காய்ந்துபோகின்றன. தொட்டிலும் போச்சு, பாலும் போச்சு. மின்சாரத்துக்காக எப்போது நீரைத் திறப்பது என்று முடிவு செய்கிறவர்களின் மேசையில், மீன் முட்டையிடும் மாதங்களின் அட்டவணையும் ஒன்று இருக்க வேண்டும்.

பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் செண்டரோவின் சிறு மீனவர்களைப் பற்றியும் அதன் சதுப்பு நிலங்களைப் பற்றியும் 1990-களிலேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். ஆராய்ச்சி இல்லை என்பதல்ல நம் குறை. ஆராய்ச்சி நூலகத்தில் இருக்கிறது. மீனவன் படகில் இருக்கிறான். இரண்டும் சந்திக்கவில்லை என்பதே நம் குறை.

தெமெங்கோர் வேறு மாதிரி. 152 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஆழமான ஏரி அது. இத்தகைய ஆழமான தேக்கங்களில் வெயில் பட்ட சூடான நீர் மேலேயும், குளிர்ந்த கனமான நீர் கீழேயும் தனித்தனியே நிற்கும். கீழ்நீருக்குக் காற்றுப்படாது. அதிலே காடு வேறு மூழ்கிக் கிடந்தால், அழுகும் மரமும் இலையும் இருக்கிற பிராணவாயுவையும் தின்றுவிடும். 1985-இல் திரங்கானுவில் நீர் நிரம்பிய கென்யிர் ஏரியைப் பார்த்தவர்கள், நீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த பட்ட மரங்களை மறந்திருக்க மாட்டார்கள். பெருங்காற்றும் மழையும் வந்து மேல்நீரும் கீழ்நீரும் கலந்தால், அழுகல் நாற்றமுள்ள நீர் மேலே ஏறி மீனை மூச்சுத் திணறச் செய்யும். ஆகவே படகின் விளிம்பில் குனிந்து ஒரு போத்தல் நீர் எடுத்தால் அது சோதனை ஆகாது. ஆழத்துக்கு ஆழம் எடுக்க வேண்டும்.

தெமெங்கோரில் மிதக்கும் கூண்டுகளில் திலாப்பியா வளர்க்கும் தொழிலும் வந்தது. அதனால் பலருக்கு வேலை. நாம் அதை எதிர்க்கவில்லை. ஆனால் மீன் தின்னாத தீவனமும் மீனின் கழிவும் ஏரியில்தான் இறங்கும். எவ்வளவு இறங்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அளவைதான் சொல்லும். முதலாளியின் நல்ல மனம் சொல்லாது.

இங்கே அரசாங்கத்தின் அளவுகோலைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். சுற்றுச்சூழல் இலாகா ஆற்று நீரின் தரத்தை 6 அளவைகளைக் கொண்டு ஒரே எண்ணாகக் கணிக்கிறது: கரைந்த பிராணவாயு, உயிரியல் முறையில் தேவைப்படும் பிராணவாயு, இரசாயன முறையில் தேவைப்படும் பிராணவாயு, அம்மோனியா, மிதக்கும் மண்துகள், புளிப்புத் தன்மை. ஓடும் ஆற்றில் சாக்கடையும் ஆலைக் கழிவும் கலந்ததா என்று பார்க்க இது நல்ல அளவுகோல். இதில் பாஸ்பரஸ் இல்லை. பாசியின் பச்சையம் இல்லை. மிதவை உயிர் ஒன்றுகூட இல்லை. தேங்கிய நீரின் நோய் எதுவோ அதைப் பற்றி இந்த எண் வாய் திறக்காது.

இது நம் கற்பனையன்று. தேசிய நீரியல் ஆராய்ச்சிக் கழகம் 2005-இல் நாட்டின் 90 ஏரிகளையும் தேக்கங்களையும் பற்றிய விவரங்களைத் தொகுத்து ஆராய்ந்தது. அவற்றில் 56, உரச் சத்து மிகுந்து கெட்ட நிலையில் இருப்பதாகக் கண்டது. நூற்றுக்கு 62! அதே கழகம் 2015-இல் ஏரிகளுக்கென்று தனி அளவுகோலையும் வகுத்தது. பாஸ்பரஸும் பச்சையமும் அதில் இடம்பெற்றுள்ளன. மகிழ்ச்சி. ஆனால் தராசு வாங்கி அலமாரியில் வைப்பது வேறு; தினமும் பால் நிறுப்பது வேறு.

பிறரைக் கேள்வி கேட்கும்போது நம் தொழிலின் கையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பாலை உறைய வைக்கும் ஆசிட், பால் கெடாமலிருக்க ஊற்றும் அம்மோனியா, உறைந்த கட்டியிலிருந்து பிரிந்து வரும் நீர், தொட்டி கழுவிய நீர், இவையெல்லாம் எங்கே போயின? ஓடைக்குத்தான் போயின. அந்த நாற்றத்தோடு வாழ்ந்தவர்கள் நாம். ஸ்டோர் கழுவிய நாளில் கெளுத்தி வயிற்றைக் காட்டி மிதந்ததை நம் பெரியவர்கள் பலர் பார்த்திருக்கிறார்கள். 1974-இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. அதன் கீழ் 1977-இல் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கும் 1978-இல் கச்சா ரப்பர் ஆலைகளுக்கும் கழிவு நீர் விதிகள் வந்தன. விதி வந்த பிறகு, தொட்டி கட்டிக் கழிவை ஆறவிட்டு வெளியேற்றும் வழக்கம் வந்தது. அளந்தார்கள், எல்லை போட்டார்கள், மாற்றம் ஏற்பட்டது. அளவைக்கு அந்தச் சக்தி உண்டு என்பதற்கு நம் தொழிலே சாட்சி.

மறு நடவுக்காக மலைச் சரிவைச் சுரண்டி விட்டால், முதல் மழையிலேயே மண் ஓடைக்கு இறங்குகிறது. அதோடு நாம் மரத்தடியில் போட்ட பாஸ்பேட் உரமும் இறங்குகிறது. இதற்காகத்தான் மண்ணை மூடும் கொடிகளைப் படரவிடச் சொல்கிறார்கள். கொடி பிடிக்குமுன் அவசரப்பட்டுச் சரிவைத் திறந்துவிடும் நிர்வாகங்களை நாம் கண்டிருக்கிறோம். கேமரன் மலையில் 1963-இல் முடிந்த ரிங்லெட் தேக்கத்தைச் சேறு எப்படித் தூர்த்தது என்பதைத் தேயிலைத் தோட்டத் தோழர்களைக் கேட்டால் சொல்வார்கள். கலங்கிய நீரில் வெயில் இறங்காது; வெயில் இறங்காத இடத்தில் பாசி வளராது; பாசியில்லாத நீரில் குஞ்சுக்கு உணவில்லை. களைக்கொல்லியும் அப்படித்தான். நீரிலுள்ள நுண்பாசியும் செடிதான். களையைக் கருக்கும் மருந்து நீரில் விழுந்தால் அதற்கு இரக்கமில்லை. மருந்தடித்த நம் பெண்களின் நகமும் தோலும் கண்ணும் பட்ட பாட்டுக்குப் பின், பாராகுவாட் மருந்துக்கு 2020 ஜனவரி முதல் தேதி முதற்கொண்டு தடை வந்தது. நம் உடம்பும் ஓடையும் ஒரே மருந்தால் கெட்டன. இரண்டையும் சேர்த்தே காக்க வேண்டும்.

நாம் கோருவது பெரிய காரியமன்று. குஞ்சு விடும் ஒவ்வொரு தேக்கத்திலும், விடுவதற்கு முன்னும் பின்னும், மாதம் ஒரு முறையாவது சோதனை நடக்க வேண்டும். மேல்நீரில் மட்டுமன்றி ஆழத்திலும், பகலில் மட்டுமன்றி விடியுமுன்னும் அளக்க வேண்டும். மெல்லிய வலையை இழுத்து மிதவை உயிர்களைச் சேர்த்து எண்ண வேண்டும். ஒரே ஒரு மில்லிலிட்டர் நீர் கொள்ளும் கண்ணாடிப் பெட்டியில், ஆயிரம் சிறு சதுரங்களின்மேல் அதைப் பரப்பி, நுண்ணோக்கியின் கீழ் வைத்து எண்ணுகிறார்கள். பொறுமை வேண்டிய வேலை. செக்ரோல் எழுதிப் பழகிய கிராணிமார்களின் பிள்ளைகளுக்கு இது கைவந்த கலையாகிவிடும். கற்றுக்கொடுத்துச் சம்பளம் போட்டு வேலைக்கு வைத்துக்கொள்ளட்டும்.

முடிவுகளைப் படகுத் துறையில் பலகையில் எழுத வேண்டும். மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் எழுத வேண்டும். அங்கே வலை போடும் மலாய் மீனவருக்கும், ஆற்றையே வீடாகக் கொண்ட பூர்வகுடி மக்களுக்கும், தூண்டிலோடு போகும் நமக்கும் அது தெரிய வேண்டும். உணவு குறைந்த மாதத்தில் குஞ்சு விடுவதை ஒத்திப் போடவும், முட்டையிடும் மூலைகளில் வலை போடாதிருக்கவும் அப்போதுதான் எல்லாரும் இசைவார்கள். காரணம் தெரியாத தடையை எவரும் மதிப்பதில்லை.

இலாகா வரும்வரை நாம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டுமா? வேண்டாம். 1865-இல் செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தை அளந்தார். இன்றும் ஏரி ஆராய்ச்சியாளர்கள் அதைக் கைவிடவில்லை. 20 சென்டிமீட்டர் அகலமுள்ள வட்டத் தட்டு; அதை நான்காகப் பிரித்துக் கருப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றிப் பூச வேண்டும். பழைய தகர மூடி போதும். அடியில் கனமாக ஒரு இரும்புத் துண்டு. கயிற்றில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சு. தோட்டத்துத் தச்சர் அரை மணி நேரத்தில் செய்துவிடுவார்.

தேக்கத்துக்கும் குளத்துக்கும் பக்கத்திலுள்ள கிளைகள் ஒவ்வொன்றும் இதைச் செய்து பார்க்கட்டும். வாரம் ஒரு நாள், ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், நிழலான பக்கத்தில் தட்டை இறக்குங்கள். மறையும் ஆழத்தையும், மீண்டும் தூக்கும்போது தெரியும் ஆழத்தையும் எழுதுங்கள். தேதியை எழுதுங்கள், முந்திய நாள் மழை பெய்ததா என்று எழுதுங்கள், நீரின் நிறத்தை எழுதுங்கள், மீன் மேலே வந்து வாய் பிளந்ததைக் கண்டால் அந்த மணியையும் எழுதுங்கள். அடுத்த கிளைக் கூட்டத்துக்கு அந்த நோட்டைக் கையோடு கொண்டு வாருங்கள்.